ஒல்லாந்துப் போதகரின் கேள்வியை நான் விழுங்கிய கதை

இதை எழுதுவோமா விடுவோமா என்று யோசித்ததிலேயே எத்தனையோ வருடங்கள் போய்விட்டன. லண்டன் ஈஸ்ட் ஹாமில் எழுதுகிற கொப்பி வாங்குவேன். முதல் பக்கத்தில் தேதி போடுவேன், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று எழுதுவேன், அதோடு கை நின்றுவிடும். முதல் கொப்பி மனைவியின் மரக்கறிப் பட்டியலுக்குப் போனது. இரண்டாவதில் மகள் கணக்குச் செய்து பழகினாள். மூன்றாவது அலுமாரிக்குள் சும்மா கிடந்தது. அதில்தான் இப்போது எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பெயரையும் எழுதமாட்டேன். சம்பந்தப்பட்டவர்களில் பலர் சுகமாக இருக்கிறார்கள். இரண்டு பேர் எனக்குச் சம்பந்தி முறைகூட.

தயங்கியதற்குக் காரணம் இதுதான். இந்தச் சம்பவத்தைப் பற்றி எங்கள் ஆட்களிடையே ஒரு கதை உலாவுகிறது. அதில் நான் நல்லவன். உண்மையில் அப்படி இல்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு லண்டன் பிளேஸ்டோவுக்கு வந்து சேர்ந்தோம். எனக்குப் பாண், அதாவது ரொட்டி, சுடுகிற பேக்டரியில் காலை ஷிப்ட். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு ஈஸ்ட் ஹாமில் ஓர் ஆங்கிலேயச் சபையின் மண்டபத்தில் தமிழ் ஆராதனை நடக்கும். எங்களுக்கென்று போதகர் கிடையாது. ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறு அந்தச் சபையின் போதகரே வந்து பிரசங்கம் பண்ணி, அப்பமும் கிண்ணமுமாகத் திருவிருந்தும் கொடுப்பார். அவர் ஆங்கிலேயர் அல்ல, ஒல்லாந்துக்காரர். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். மழையோ பனியோ சைக்கிளில்தான் வருவார். காற்சட்டையின் வலது காலை ஒரு கிளிப் போட்டு இறுக்கியிருப்பார். அதைக் கழற்ற மறந்து அப்படியே பிரசங்க மேடையில் ஏறிவிடுவார்.

முதல் நாள் அவரை அறிமுகப்படுத்தியபோது, எங்கள் ஆராதனையை நடத்துகிற மூப்பர் என்னைக் கூப்பிட்டு, "ஒல்லாந்தரோ? அப்ப யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டிப்போட்டுத் திறப்பை எங்க வைச்சிட்டுப் போனவையள் எண்டு ஒருக்காக் கேளும்" என்றார். நான் கேட்டேன். போதகர் சாவியைத் தேடுகிறவர்போலச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, கையை விரித்துக் காட்டினார். அன்றைக்கே எங்கள் ஆட்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவர் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்ல, பக்கத்தில் நின்று நான் அதைத் தமிழில் சொல்லவேண்டும். இந்த வேலை எனக்குக் கிடைத்தது என் படிப்பால் அல்ல, குரலால். மைக் இல்லாமல் பின்வரிசைக்குக் கேட்கும். போதகர் உறைந்த வாய்க்காலில் சறுக்கி விளையாடிய கதையைச் சொன்னால் நான் அதை மாரிகாலத்துச் சேற்று வரம்பாக மாற்றுவேன். அவர் பாலாடைக்கட்டி என்றால் நான் தயிர் என்பேன். ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது மூப்பர் முதுகில் தட்டுவார். "அவர் கஞ்சி ஊத்த நீரெல்லோ கறியும் சேத்துக் குடுக்கிறீர்!" எனக்குத் தலைகால் புரியாது.

இனி எங்கள் சபையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

முதல் மூன்று நாலு வருடம் திருவிருந்துக்கு ஒரே கிண்ணம்தான், எல்லாரும் அதிலேயே குடித்தோம். பிறகு ஒரு குடும்பம் சேர்ந்தது, கணவனும் மனைவியும்; நான் அவர்களை அண்ணை, அக்கா என்பேன். அண்ணை ஆஸ்பத்திரியில் நோயாளர் கட்டில் தள்ளுகிற வேலை, அக்கா பள்ளிக்கூடச் சமையலறையில். இரண்டு பேரும் என்னைவிட மூத்தவர்கள். அருமையாகப் பாடுவார்கள். மூன்றாவது கிழமையே, அவர்கள் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், யாருடைய பிள்ளைகள் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் போய்விட்டது. எந்தச் சாதி என்று நான் எழுதப்போவதில்லை. எங்கள் சாதியையும் எழுதமாட்டேன். அடுத்த திருவிருந்தில் மூப்பர் உட்பட நாலைந்து பேருக்குத் திடீரென்று தடிமன், சளி எல்லாம் பிடித்துவிட்டது. "எனக்கு இருமல், கிண்ணம் வேண்டாம்" என்று பின்னால் இருந்துவிட்டார்கள். ஜூன் மாதத்தில் தடிமன்!

சபை உடையப் போகிறதே என்று எனக்குப் பயம். போதகரிடம் போய், "பாஸ்டர், குளிர் நாடு, சுகாதாரம் முக்கியம், ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் வைப்போமே" என்று சொன்னவன் நான்தான். அவர் சம்மதித்தார். முன் மாதத்தில் இருமியவர்கள் எல்லாரும் சுகப்பட்டார்கள். கிளாஸ் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவனும் நானே. அண்ணையும் அக்காவும் வலது பக்கம் பின்வாங்கில், கடைசி இருக்கையில், இருப்பார்கள். நான் இடது பக்கம் முன்வாங்கில் தொடங்குவேன். ஒவ்வொரு மாதமும். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கால் தானாக அந்தப் பக்கம் போனது. வீட்டில் கேட்டபோது, "சபையின் சமாதானத்துக்காக" என்று சொல்லிக்கொண்டேன்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. தொண்ணூறுகள் தொடங்கிவிட்டன. ஒரு முதல் ஞாயிறு போதகர் வேதப் புத்தகத்தோடு ஒரு கட்டுக் கடிதமும் கொண்டுவந்தார். அவருடைய பூட்டனாரின் தமையன், அவரும் போதகர்தானாம், தம்முடைய ஏழைச் சபையாரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவில் மிச்சிகன் காட்டுக்குக் குடிபோனவராம். ஏறக்குறைய நூற்றைம்பது வருடத்துக்கு முன், உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலம், அரசாங்கச் சபையோடு பிணக்கு வேறு. நாங்கள் அகதியாக வந்தவர்கள்தானே, எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கப்பல் ஏறுமுன் அந்தப் பெரியவர் எழுதிய கடிதத்தை முதலில் வாசித்தார். அடிமை வைத்திருப்பவன் கையால் ஒரு துண்டுப் பாண்கூட வாங்கமாட்டேன் என்று எழுதியிருந்தார். நான் குரலை உயர்த்தி மொழிபெயர்த்தேன். ஆமென் என்றார்கள்.

மூன்று நாலு வருடம் கழித்து வந்த கடிதம் வேறு மாதிரி. நாங்கள் வந்தேறிகள், ஆணி வாங்கவே எங்களுக்கு ஆங்கிலம் போதாது, இந்த நாட்டாருடைய சண்டையில் எங்களுக்கு என்ன வேலை என்று எழுதியிருந்தார். முன்வாங்கில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு, அந்த நாட்டில் முன்பே வேரூன்றிய ஒல்லாந்துச் சபையார் இவர்களுக்குக் கைகொடுத்தார்கள். அந்தச் சபையாருக்குள் அடிமைத்தனம் பாவம் என்றவர்களும் இருந்தார்கள், வேதத்தில் தடை இல்லையே, ஆபிரகாமிடமும் வேலைக்காரர் இருந்தார்களே என்றவர்களும் இருந்தார்கள். எங்கள் பெரியவர் மெல்ல மெல்ல இரண்டாவது கூட்டத்தின் பேச்சைப் பேசத் தொடங்கினார். எசமான் இரக்கமுள்ளவனாக இருந்தால் போதும் என்று ஒரு கடிதம். ஒருநாள் பயணத் தூரத்தில் இன்னொரு ஒல்லாந்துப் போதகர், அவரைவிட இளையவர், பிரசங்க மேடையிலேயே அடிமைத்தனத்தைக் கண்டித்தாராம். பாதி வாங்குகள் காலியாகிவிட்டன. அந்த இளையவரைப் பெரியவர் கடிதத்தில் அவசரக்காரன் என்று திட்டியிருந்தார்.

எங்கள் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "அமெரிக்கன் இவ்வளவு பொல்லாதவனோ!" என்று ஒரு மாமி சத்தமாகவே சொன்னார். நானும் அடிமைகளின் முதுகில் விழுந்த சாட்டையைப் போதகர் சொன்னதற்கு மேலாக இரண்டு தரம் விளாசினேன். மண்டபம் உருகிப்போய் இருந்தது.

கடைசிக் கடிதம், அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு எழுதியது. விடுதலையான கறுப்பு மனிதர் ஒருவர் மரம் அரியும் ஆலைக்கு வேலைக்கு வந்து, ஞாயிறுதோறும் அந்தச் சபைக்கு வந்தாராம். திருவிருந்து நாளில் மற்றவர்கள் எல்லாரும் குடித்து எழுந்த பிறகே பெரியவர் அவருக்குக் கிண்ணத்தைக் கொடுத்தார். கடிதத்தில் அதைப் பற்றி இரண்டே வரி: "நான் அதைச் செய்தேன். சபையின் சமாதானத்துக்காகச் செய்தேன்."

இதைத் தமிழில் சொல்லும்போது, வீட்டில் நான் சொன்ன அதே வார்த்தை என்று தெரிந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் நடந்ததுதானே.

போதகர் கடிதத்தை மடித்தார். எங்கள் ஒல்லாந்தர் உங்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டபோது அங்கும் அடிமைகளைப் பற்றிச் சட்டம் எழுதி வைத்தவர்கள், அந்த வெட்கம் எனக்கும் உண்டு என்றார். அதையும் சொன்னேன். பிறகு கண்ணாடியைக் கழற்றி, சபையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "இந்த மண்டபத்தில் கடைசியாகக் குடிப்பது யார்? அது ஏன்?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். வலது பக்கம் பின்வாங்கை நான் பார்க்கவில்லை. என் வாயிலிருந்து வந்தது இது: "கடைசிவரை விசுவாசத்தில் நிலைத்திருங்கள் என்று போதகர் அன்பாகக் கேட்டுக்கொள்கிறார்."

ஆமென், ஆமென் என்று மண்டபம் அதிர்ந்தது. அவர்களைப் போதகர் ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு நான் தட்டத்தைத் தூக்கினேன். இடது பக்கம் முன்வாங்கில் தொடங்கினேன்.

தேத்தண்ணி மேசையில் அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றா. கையில் ஒரு கட்லட்.

"தம்பி, பாஸ்டர் ஒரு கேள்வி கேட்டவர். அது தமிழில வரேல்லையே."

"ஓம் அக்கா... நேரம் போட்டுது, அதுதான் கொஞ்சம் சுருக்கி..."

"நேரம் ஒரு இடமும் போகேல்லை. நீர்தான் போனீர்."

பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளோடும் ஆங்கிலேயப் பெண்களோடும் நாள் முழுதும் கதைக்கிற மனுசி. என்னைவிட நூறு மடங்கு ஆங்கிலம் தெரியும். இது எனக்கு அதுவரை யோசனையில் வரவே இல்லை. வலது பக்கம் பின்வாங்கில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்று யார் யோசித்தார்கள்?

"அக்கா, சபை உடைஞ்சிடும்..."

"ஒரு வருசமா உம்மட தட்டம் எந்தப் பக்கத்தால வருதெண்டு பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். இவர் சொல்லுறார், விடும், ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார் எண்டு. எனக்கு அந்தப் பொறுமை இல்லை." கட்லட்டை ஒரு கடி கடித்தா. "வாற முதல் ஞாயிறு அந்தக் கேள்வியைத் தமிழில சொல்லும். இல்லாட்டி நாங்கள் காலமை இங்கிலீஸ் ஆராதனைக்குப் போறம். அங்க இப்பவும் ஒரே கிண்ணம்தான். வேற சண்டை ஒண்டும் இல்லை." போகும்போது திரும்பி, "உம்மட மனிசி செய்த கட்லட்டோ? உப்புக் காணாது" என்றா.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். உப்பு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அவள் குசினியில் அந்தச் சின்னக் கிளாசுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்தக் கிளாசைக் கழுவிக் கழுவி என்ர விரல் தேயுது. நாப்பத்திரண்டு கிளாஸ். ஒரு கிண்ணமெண்டா ஒருக்கா அலம்பிக் கவிழ்க்கலாம்."

"நான் எவ்வளவு பெரிய விஷயம் கதைக்கிறன், நீர் கிளாசைக் கதைக்கிறீர்."

"நானும் அதைத்தான் கதைக்கிறன். ஆரின்ர வாய் பட்டதெண்டு பாத்துப் பாத்தோ நான் கழுவுறன்? எல்லாம் ஒரே தண்ணிக்குள்ளதான் கிடக்குது."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் போதகருடைய வீட்டுக்குப் போனேன். செய்ததை ஒப்புக்கொள்ளவேண்டும், வேறு வழி இல்லை. கோப்பி ஊற்றித் தந்தார். ஒரு தகர டின்னைத் திறந்து ஒரேயொரு பிஸ்கட்டை எடுத்து என் சாசரில் வைத்துவிட்டு, டின்னை மூடிவிட்டார். ஒல்லாந்து வழக்கமாம். எங்கள் வீட்டில் அப்படிச் செய்தால் ஊரே கதைக்கும்.

கேள்வியை மாற்றிச் சொன்னதை நான் ஒருவாறு சொல்லி முடித்தேன். அவர் கோபிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. "நான் கேட்டது எட்டு ஒன்பது சொல். ஆமென் வந்தபோதே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. அந்தக் கேள்விக்கு யாரும் ஆமென் சொல்லமாட்டார்கள்" என்றார்.

பிறகு இன்னொரு டின்னைத் திறந்தார். சரி, இதில் பிஸ்கட் என்று நினைத்தேன். உள்ளே கடிதங்கள்.

அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது குடும்பக் கூட்டங்களில் இந்தக் கடிதங்களை வாசிப்பார்களாம். அவருடைய பெரியம்மா ஒருவர் முத்து முத்தான எழுத்தில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்திருந்தார். அந்தப் பிரதியில் பெரியவர் அடிமைத்தனத்தை எதிர்த்த சிங்கம். கப்பல் ஏறுமுன் எழுதியதும், அந்த உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களுக்காக ஜெபித்ததும் இருந்தன. எசமான் இரக்கமுள்ளவனாக இருந்தால் போதும் என்றது இல்லை. கடைசிக் கிண்ணம் இல்லை. போதகர் தாமே பல வருடம் அந்தச் சிங்கத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணியிருக்கிறார். பெரியம்மா இறந்து, வீட்டைத் துப்புரவாக்கும்போதுதான் மூலக் கடிதங்கள் அகப்பட்டன.

"பெரியவர் மனம் வருந்தியதாக எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று எல்லாக் கடிதத்திலும் தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். பெரியம்மா பொய் எழுதவில்லை. விட்டுவிட்டார், அவ்வளவுதான்" என்றார்.

நான் பிஸ்கட்டைத் தொடாமல் இருந்தேன். தமிழ் ஆராதனைக்கு ஆங்கிலச் சபையின் கிண்ணத்தைத் தரலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். எழுந்தபோது இன்னொரு பிஸ்கட் எடுத்துக் கையில் தந்தார். அது பெரிய மரியாதை என்று பிறகு அவருடைய மனைவி சொல்லித்தான் தெரியும்.

அடுத்த முதல் ஞாயிறு, போதகர் மேடையில் ஏறுமுன் நான் ஏறினேன். "போன மாசம் பாஸ்டர் ஒரு கேள்வி கேட்டவர். நான் அதை உங்களுக்குச் சொல்லாமல் விழுங்கிப்போட்டன். அவர் கேட்டது இதுதான். இந்த மண்டபத்தில் கடைசியாகக் குடிப்பது யார், அது ஏன். தட்டத்தைக் கொண்டு போறவன் நான். பதில் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

மூப்பர் எழும்பினார். "இந்தக் கதை ஏன் இப்ப? இஞ்ச ஆர் சாதி பாக்கிறது?" என்றார்.

பின்னால் இருந்து அக்காவின் குரல். "அப்ப ஏன் மூப்பர் ஐயா, ஜூன் மாசத்தில உங்களுக்குத் தடிமன் பிடிச்சது?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். மூப்பர் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவரோடு மூன்று குடும்பம் போனது. அதில் ஒன்று என் மனைவியின் சொந்தம்.

போதகர் கிண்ணத்தைத் தூக்கினார். நான் ஓடிப்போய் வலது பக்கம் பின்வாங்கில் நின்று, "அக்கா, நீங்கள் முதல்ல வாங்கோ" என்றேன். அதுவும் பிழை.

"ஏன் முதல்ல? நான் என்ன காட்சிக்கோ வந்தனான்?" என்று அக்கா குசுகுசுத்தா. "எல்லாரும் வரிசையா நில்லுங்கோ. நானும் வரிசையில நிப்பன்."

அப்படியே நின்றோம். அண்ணை ஒரு மாமியின் பின்னால், அண்ணையின் பின்னால் நான், எனக்குப் பின்னால் அமெரிக்கனைத் திட்டிய மாமி. அண்ணை குடித்த இடத்திலேயே நான் வாய் வைத்துக் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகும் என்று நான் நினைத்ததுமில்லை, பார்த்தீர்களா. ஆனாலும் ஒரு வருடம் தட்டம் தூக்கினேன். ஆங்கிலச் சபையில் அசல் திராட்சை ரசம், நாங்கள் வழக்கமாகக் கொடுக்கிற கறுப்புச் சர்பத் இல்லை. மாமி ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஐயோ, இது சாராயமெல்லோ!" என்று சொல்லிவிட்டு இன்னொரு மிடறும் குடித்தார். அதற்கு எல்லாரும் சிரித்ததுதான் அன்றைய ஆராதனையின் முடிவு.

வெளியே போனவர்களில் இரண்டு குடும்பம் வருடத்துக்குள் திரும்பி வந்தன. மற்றவர்களோடு வரிசையில் நின்றன. மூப்பர் இல்ஃபோர்டில் வேறு ஆராதனை தொடங்கினார். அங்கே சின்னக் கிளாஸ்தான் என்று கேள்வி. தெருவில் கண்டால் நானும் அவரும் சுகம் விசாரிப்போம்.

என் பதவி போய்விட்டது. அடுத்த மாதம் போதகர் மேடையில் ஏறியபோது பக்கத்தில் அக்கா நின்றா. யார் முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. சறுக்கல் என்றால் சறுக்கல், பாலாடைக்கட்டி என்றால் பாலாடைக்கட்டி. என்னிடம் அரை மணி எடுத்த பிரசங்கம் அவவிடம் இருபது நிமிடத்தில் முடிந்தது. நான் வலது பக்கம் பின்வாங்கில் இருந்து கேட்டேன். கொஞ்சம் பொறாமைதான், ஆண்டவர் மன்னிப்பாராக.

அண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார். போதகரும் ஒல்லாந்துக்குத் திரும்பி அங்கே மரித்தார். சில வருடங்களுக்கு முன் ஒரு சபையின் ஆண்டு விழாவில் யாரோ ஒரு பேச்சாளர், லண்டனில் ஒரு தமிழ் விசுவாசி எழுந்து நின்று சாதியை எதிர்த்து முழங்கினார், சபையே கண்ணீரோடு ஒரே கிண்ணத்தில் குடித்தது என்று சொன்னார். பெயர் சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். என் மனைவி தொடையில் கிள்ளினாள். நான் எழுந்து அது அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாம் முறையும் விழுங்கிவிட்டேன். முத்து முத்தாக எழுதிய அந்தப் பெரியம்மாவை அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை யாருக்காவது சொல்ல விரும்பினால் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் என்னைப்போலக் கறி சேர்க்கவேண்டாம். எதையும் விட்டுவிடவும் வேண்டாம். சின்னக் கிளாஸ் கேட்டவன் நான், தட்டத்தை இடது பக்கத்தால் கொண்டுபோனவன் நான், கேள்வியை விழுங்கியவன் நான். ஒரு மாதம் கழித்து அதைச் சொன்னதும் நான்தான், ஆனால் அக்கா வந்து நின்றபடியால்தான் சொன்னேன். இந்த ஒழுங்கிலேயே சொல்லுங்கள். கட்லட்டில் உப்புக் காணாது என்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை நான் என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.